திருப்பூரில் பார்சல் கம்பெனி சேல்ஸ் வேலை: சேரலாமா என்று கேட்பவர்களுக்கு

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். ஏன் என்று கேட்பவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்தியா முழுக்கக் கிளை வைத்து, லாரியில் பார்சலும் கொஞ்சம் ஏர் கார்கோவும் எடுக்கிற பெரிய கம்பெனி, அது போதும். அதன் திருப்பூர் கிளையில் சேல்ஸ் எக்ஸிகியூட்டிவாக இருந்தேன். இப்போது ஒரு பனியன் கம்பெனியில் டெஸ்பாட்ச் பார்க்கிறேன், எங்கள் சரக்கில் பாதி இன்றைக்கும் அதே கம்பெனி வண்டியில்தான் ஏறுகிறது. அதனால் வேலை எப்படி, சர்வீஸ் எப்படி என்று இரண்டையும் சேர்த்தே சொல்ல முடியும். சொல்லப்போனால் இந்த வேலையில் இரண்டையும் பிரித்துப் பார்க்கவே முடியாது, ஏனென்றால் எங்கோ ஒரு ஊரில் டெலிவரி சொதப்பினால் முதல் போன் வருவது இங்கே இருக்கிற சேல்ஸ் ஆளுக்குத்தான்.

இன்டர்வியூவில் "மார்க்கெட்ல பார்ட்டி பிடிப்பீங்களா?" என்றுதான் கேட்பார்கள். பார்ட்டி என்றால் சரக்கு அனுப்புகிற வாடிக்கையாளர். திருப்பூரில் பார்ட்டி பிடிப்பது பெரிய விஷயமே இல்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் காதர்பேட்டைக்குள் நுழைந்தால் கடைக்குக் கடை பண்டல் கட்டிக்கொண்டிருப்பார்கள். மங்கலம் ரோடு, பல்லடம் ரோடு, பிஎன் ரோடு என்று எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் சரக்கு இருக்கிறது. கல்கத்தாவுக்குப் பனியன், கேரளாவுக்கு நைட்டி, டெல்லிக்கு டி-ஷர்ட், பையிங் ஆபீசுக்கு சாம்பிள், அப்புறம் இன்ஸ்டாகிராமில் லெகிங்ஸ் விற்கிற வீட்டு வியாபாரிகள். இத்தனை சரக்கு இருக்கிற ஊரில் ரேட் கார்டோடு போகிறவனை யாரும் விரட்டுவதில்லை. உட்காரச் சொல்லி டீ கூட வாங்கித் தருவார்கள்.

ஆனால் முதலாளியின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பாருங்கள். 1983-ல் தொடங்கிய ப்ளூ டார்ட்டிலிருந்து 2011-ல் வந்த டெல்லிவரி வரை, நடுவில் புரொஃபஷனல், எஸ்டி, டிடிடிசி, விஆர்எல், சேஃப்எக்ஸ்பிரஸ், டிசிஐ எக்ஸ்பிரஸ் என்று எல்லாருடைய விசிட்டிங் கார்டும் அங்கே வரிசையாக இருக்கும். உங்கள் கார்டையும் வாங்கி அதே வரிசையில் செருகி வைப்பார். ஒரு டிரையல் பண்டலும் கொடுப்பார். அது போய்ச் சேரும், அடுத்த வாரம் நாலு பண்டல் வரும், ஏரியா மேனேஜர் வாட்ஸ்அப் குரூப்பில் கைதட்டுவார். இதுவரைக்கும் எவனும் செய்வான். மாதம் முடிந்து முதல் பில் போகிறதே, அதற்குப் பிறகு அந்த பார்ட்டி உங்களிடம் இருக்கிறாரா என்பதுதான் இந்த வேலை. இந்தக் கம்பெனிக்கு நான் இரண்டு மார்க் குறைத்தது அந்த முதல் பில்லுக்காகத்தான்.

அது என்ன என்று கொஞ்சம் விளக்குகிறேன், வெளியே இருப்பவர்களுக்கு இது புரிவதில்லை. பார்ட்டி கேட்கிற முதல் கேள்வி "கிலோவுக்கு எவ்வளவு?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்வது சுலபம். எந்தக் கிலோ என்பதில்தான் சிக்கல். லாரியில் எடையை விட இடம் முக்கியம், அதனால் பெட்டியின் அளவை வைத்து ஒரு எடை போடுவார்கள், வால்யூம் வெயிட் என்போம். நீள அகல உயரத்தை இஞ்சில் பெருக்கி 1728-ஆல் வகுத்தால் கன அடி வரும், அதைத்தான் சிஎஃப்டி என்பது. ஒரு சிஎஃப்டிக்கு இத்தனை கிலோ என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒரு கணக்கு வைத்திருக்கும், சில இடத்தில் 6, சில இடத்தில் 8, சில இடத்தில் 10. நிஜ எடை, வால்யூம் எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில்.

24 இஞ்ச் நீளம், 18 அகலம், 18 உயரம் உள்ள அட்டைப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள், 4.5 சிஎஃப்டி. உள்ளே குளிர்கால ஜாக்கெட், தராசில் வைத்தால் 22 கிலோதான். ஒரு கம்பெனி கிலோ 12 ரூபாய், சிஎஃப்டிக்கு 6 கிலோ என்கிறது. 27 கிலோ ஆகிறது, 324 ரூபாய். இன்னொரு கம்பெனி கிலோ 9 ரூபாய்தான், ஆனால் சிஎஃப்டிக்கு 10 கிலோ என்கிறது. 45 கிலோ, 405 ரூபாய். பார்ட்டியிடம் போய் "நாங்க 9 ரூபாதாங்க, அவங்க 12" என்று சொன்னால் ஆர்டர் கிடைக்கும். நான் இருந்த கம்பெனி இந்த இரண்டாவது வகை. கொட்டேஷனில் 9 என்பது கொட்டை எழுத்தில் இருக்கும், 10 கிலோ சமாச்சாரம் கடைசிப் பக்கத்தில் இருக்கும். புதிதாகச் சேர்கிற பையன்களுக்குக் கொடுக்கிற பயிற்சியில் அந்தக் கடைசிப் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள், அவர்களும் தெரியாமலே விற்றுவிட்டு வருவார்கள். இது எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிற விஷயம்.

இதோடு முடியவில்லை. பேக்கிங் செக்‌ஷனில் பெட்டிக்குள் இன்னும் நாலு பீஸ் அமுக்கி டேப் ஒட்டுவது நம் ஊர் பழக்கம். பெட்டி வயிறு உப்பிக்கொள்ளும். பார்ட்டி டேப் வைத்து ஓரத்தில் அளந்து 18 என்று எழுதுகிறார். ஹப்பில், அதாவது எல்லாக் கிளைச் சரக்கும் வந்து ஊர்வாரியாகப் பிரிகிற கிடங்கில், இருக்கிற மெஷின் உப்பிய இடத்தைத்தான் எடுக்கும், 20 என்று பதிவாகும். 24, 20, 20 என்றால் ஐந்தரை சிஎஃப்டிக்கு மேலே போய்விடும், 405 ரூபாயாக இருந்தது 500 ஆகிவிடும். அதன் மேல் ஒவ்வொரு புக்கிங் ரசீதுக்கும் டாக்கெட் சார்ஜ், டீசல் விலையைப் பார்த்து ஏறி இறங்குகிற ஃபியூயல் சர்சார்ஜ், ஊர் கொஞ்சம் உள்ளே இருந்தால் ஓடிஏ சார்ஜ், கடைசியில் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 22 கிலோ அனுப்பியவருக்கு 55 கிலோவுக்கு பில் வந்தால் அவர் என்ன செய்வார்?

"ஏனுங்க தம்பி, எங்க தராசு பொய் சொல்லுதுங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். சத்தம் போடவில்லை, அமைதியாகத்தான் கேட்டார்.

"இல்லீங்கண்ணா, அது அளவு கணக்குங்க."

"அதை வந்தப்பவே சொல்லியிருக்கலாமுல்ல?"

நான் அவரிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன், அளந்தும் காட்டியிருந்தேன். ஆனால் நான் பேசியது 8 கிலோ கணக்கு, ரீஜனல் ஆபீஸ் அப்ரூவ் செய்தும் இருந்தது, பில்லிங்கில் உட்கார்ந்தவர்கள் சிஸ்டத்தில் அதை ஏற்றாமல் பழைய 10 கிலோவுக்கே பில் போட்டுவிட்டார்கள். திருத்திக் கிரெடிட் நோட் வாங்குவதற்குள் அவர் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டார். இது ஒருவருக்கு நடந்த கதை இல்லை, மாதம் பிறந்தால் இதே பஞ்சாயத்துதான். சேல்ஸ் ஆளின் பொழுதில் பெரும்பகுதி புது பார்ட்டியைப் பார்ப்பதில் போவதில்லை. பழைய பில்லுக்கு மெயில் போட்டு, டாக்கெட் நம்பர் நம்பராக எக்செல்லில் ஒப்பிட்டு, பில்லிங்குக்கும் பார்ட்டியின் அக்கவுண்டன்டுக்கும் நடுவில் நின்று மன்னிப்புக் கேட்பதில் போகிறது. நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், பிற்பாடு அவர்கள் ஹப்பில் எடுத்த பெட்டியின் போட்டோவையும் அளவையும் போர்ட்டலில் போட ஆரம்பித்தார்கள். அது நல்ல காரியம். இப்போது டெஸ்பாட்ச் பக்கத்திலிருந்து நான் அதைத் தினமும் பார்க்கிறேன், சண்டை நிறையக் குறைந்திருக்கிறது. அது இல்லாவிட்டால் இன்னும் ஒரு மார்க் குறைத்திருப்பேன்.

அடுத்தது பிக்கப். திருப்பூரில் அயர்னிங், செக்கிங், பேக்கிங் எல்லாம் முடிந்து பெட்டி வாசலுக்கு வரும்போது ராத்திரி ஆகிவிடும். இந்த ஊரின் இயல்பே அதுதான். ஆனால் ஹப்பிலிருந்து வெளியூருக்குப் போகிற லைன் லாரி கிளம்புகிற நேரம் ஒரு பெரிய அட்டவணையில் கட்டப்பட்டிருக்கும், திருப்பூர் பேக்கிங் செக்‌ஷனைக் கேட்டு அது போடப்படுவதில்லை. மாலையில் வருகிற டாடா ஏஸ் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போய்விடும். பார்ட்டி போன் செய்து "உங்க வண்டி போயிடுச்சு, நாளைக்கு அங்க கடை திறப்பு, என்ன பண்றதுங்க?" என்பார். உள்ளூர் லாரி சர்வீஸ்காரர்கள் இதில் கில்லாடிகள், ராத்திரி பத்து மணிக்கும் ஆள் அனுப்புவார்கள். பெரிய கம்பெனியில் சேல்ஸ் ஆளுக்கு ஒரு வண்டியை அரை மணி நேரம் நிறுத்தி வைக்கிற அதிகாரம் கிடையாது. ஆபரேஷன்ஸ் மேனேஜருக்கு லாரி நேரத்துக்குக் கிளம்பினால்தான் மார்க், நமக்குச் சரக்கு ஏறினால்தான் மார்க். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேருக்கும் இரண்டு கணக்கு. நல்ல கிளை மேனேஜர் இருந்தால் இதைப் பேசித் தீர்த்துவிடுவார். என் காலத்தில் ஒருவர் அப்படி இருந்தார், சாயந்திரம் ஆனால் அவரே லோடிங் மேடையில் வந்து நிற்பார், எந்த பார்ட்டி லேட் என்று எங்களைக் கேட்டு ரூட்டை மாற்றிவிடுவார். அவர் மாறிப் போன பிறகு அந்தக் கிளை பழைய கிளையாக இல்லை.

சரக்கு தொலைந்தால்? இந்தக் கேள்வியைக் கேட்காத பார்ட்டியே கிடையாது, இதற்கு நேர்மையாகப் பதில் சொல்கிற சேல்ஸ் ஆள் குறைவு. 2007-ன் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் 2011 விதிகளும் சொல்வது இதுதான்: மதிப்பை எழுதிக் கொடுத்து அதற்கான கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால், நஷ்ட ஈடு வாடகையைப் போலப் பத்து மடங்குதான். 500 ரூபாய் வாடகையில் போன பெட்டிக்குள் 60,000 ரூபாய் சரக்கு இருந்தாலும் கையில் வருவது 5,000. கூரியர் ரசீதிலும் இதே மாதிரி வரம்பு உண்டு. ஒரு பின்னலாடைக் கம்பெனி ஜெர்மனி பையருக்குக் கூரியரில் அனுப்பிய டாக்குமென்ட் போய்ச் சேராமல், பையர் பணத்தைக் குறைத்துவிட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மாநில நுகர்வோர் ஆணையம் நாலு லட்சத்துக்கு மேல் கொடுக்கச் சொல்லியிருந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம், ரசீதில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், அதில் அச்சடித்திருக்கிற 100 டாலர்தான் என்று முடித்துவிட்டது. இதை நான் பார்ட்டிகளிடம் சொல்வேன், மதிப்பு அதிகமான சரக்குக்கு இன்சூரன்ஸ் போடுங்கள் என்று கெஞ்சுவேன். "பயமுறுத்தி யாவாரம் பண்றியா?" என்று மேனேஜர் திட்டியிருக்கிறார். ஆனால் இன்சூரன்ஸ் போட்டவர் ஒருவருடைய மூன்று பண்டல் மழையில் நனைந்து நாசமானபோது பணம் முழுசாக வந்தது, அவர் இன்றைக்கும் அந்தக் கம்பெனியை விட்டுப் போகவில்லை. சொல்லாமல் விற்றிருந்தால் அன்றோடு போயிருப்பார்.

கலெக்‌ஷன் பற்றிச் சேருவதற்கு முன்னால் நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். இன்சென்டிவ் பில் போட்ட தொகைக்கு இல்லை, பணம் வந்த தொகைக்கு. 60 நாள் தாண்டினால் பாதி, 90 தாண்டினால் உங்கள் கணக்கில் கழித்தும் விடுவார்கள், குறைந்தபட்சம் நான் இருந்த இடத்தில் அப்படி. பனியன் வியாபாரத்தில் பணம் எப்படிச் சுற்றும் என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு கொடுமை என்று புரியும். கல்கத்தா கடைக்காரர் கொடுத்தால்தான் இவர் கொடுப்பார், நடுவில் நூல்காரர், டையிங்காரர், கூலி எல்லாம் வாங்கியது போக மிச்சம் இருந்தால்தான் பார்சல் பில். 2023-24 கணக்காண்டிலிருந்து இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்காமல் மார்ச் கடைசி தாண்டியும் பாக்கி வைத்தால் அந்தச் செலவை அந்த வருஷக் கணக்கில் கழிக்க முடியாது என்கிற வருமானவரி விதி, ஆடிட்டர்கள் 43பி(எச்) என்பார்கள். சிறு தொழில் செய்பவர்களுக்கு இது நல்ல விதி, நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மார்ச் மாதம் வந்தால் அக்கவுண்டன்ட் முதலில் சின்ன ஜாப் ஒர்க்காரர்களின் பில்லைத்தான் தீர்க்கிறார், பெரிய பார்சல் கம்பெனியின் பில் அடுக்கின் அடியில் போய்விடுகிறது. தலைமை அலுவலகத்தில் இருக்கிறவர்களுக்கு இந்த அடுக்கு தெரியாது, ஏன் கலெக்‌ஷன் வரவில்லை என்று வீடியோ காலில் வரிசையாக நிற்க வைத்துக் கேட்பார்கள்.

ஃப்ரான்சைஸ் தொல்லையும் உண்டு. ஒரே கம்பெனியின் பெயர்ப் பலகையை மாட்டிக்கொண்டு பக்கத்துத் தெருவில் ஏஜென்ட் ஒருவர் உங்களை விட ஒரு ரூபாய் குறைவாகக் கொடுப்பார். நீங்கள் மாதக் கணக்கில் நடந்து ரெடி செய்த பார்ட்டி கடைசி நாளில் அவர் கோடில் புக் ஆகியிருக்கும். இதற்குக் கம்பெனியிடம் எழுதப்பட்ட விதி ஏதும் இல்லை, மேனேஜர் மனசு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.

சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி ஆன்லைன் சீட்டான இ-வே பில்லைப் பற்றி ஒன்றே ஒன்று. தூரத்து ஊருக்குத்தான் பிரச்சினை வரும் என்று நினைப்பார்கள், கிட்ட இருக்கிற ஊர்தான் மாட்டிவிடும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு. டெல்லிக்குப் போகிற சரக்குக்குப் பத்து நாளுக்கு மேல் அவகாசம் இருக்கும். பாலக்காடு பண்டலுக்கு ஒரு நாள்தான், அது ஹப்பில் ஒரு ராத்திரி கூடுதலாகக் கிடந்தால் காலாவதி. வழியில் பிடித்தால் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம், ஒரு லட்ச ரூபாய் பனியனுக்கு 5 சதவீத வரி என்றால் 10,000. காலாவதிக்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள் நீட்டிக்க வழி இருக்கிறது, அதை டிரான்ஸ்போர்ட்காரர்தான் செய்ய வேண்டும். யார் செய்வது என்று ஹப்பும் கிளையும் தள்ளிக்கொண்டே இருக்கும்போது போன் அடிப்பது யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை.

இன்ஸ்டாகிராம் வியாபாரிகள்மேல் எனக்குத் தனிப் பிரியம். பெரும்பாலும் பெண்கள், வீட்டு முன்னறையில் தராசு, பிரிண்டர், கவர் கட்டு என்று வைத்துக்கொண்டு, குழந்தைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு லேபிள் ஒட்டுவார்கள். இவர்களுக்கு இந்தக் கம்பெனி சரிப்படாது, நேராகவே சொல்லிவிடுகிறேன். கேஷ் ஆன் டெலிவரியில் போகிற பார்சல் வாங்காமல் திரும்பினால் போகவர இரண்டு வாடகையும் அவர்கள் தலையில் விழும், ஒரு நைட்டியில் கிடைக்கிற லாபம் அதோடு போச்சு. டெலிவரி பையன் போகாமலேயே "வாடிக்கையாளர் இல்லை" என்று போட்டுவிடுகிற கொடுமையும் நடக்கிறது. அந்த அக்கா வாங்குகிறவருக்குப் போன் போட்டுக் கேட்டால் "நான் நாள் முழுக்க வீட்டுலதான் இருந்தேன்" என்பார். கிராமத்துப் பின்கோடு என்றால் அஞ்சலகத்திலேயே போடுங்கள் என்று நான் சொல்லிவிடுவேன். நாடு முழுக்க ஒன்றரை லட்சத்துக்கும் மேல் அஞ்சலகம் வைத்திருக்கிறவர்கள், ஊர்த் தபால்காரருக்கு வீடு தெரியும். போட்டிக்காரரைப் பரிந்துரைக்கிறாய் என்று மறுபடியும் திட்டு விழும். ஆனால் அதே அக்காக்கள்தான் பின்னால் தெரிந்த கடைக்காரர்களிடம் என் நம்பரைக் கொடுத்தார்கள், எனக்கு வந்த நல்ல பார்ட்டிகளில் பலர் அந்த வழியில் வந்தவர்கள்.

சரி, நல்லது எதுவும் இல்லையா? இருக்கிறது. சம்பளம் தேதி தவறியதில்லை, பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் ஒழுங்கு. பெட்ரோல் அலவன்ஸ் கிலோமீட்டர் கணக்கில் வந்துவிடும், கொஞ்சம் பற்றாது, அவ்வளவுதான். பெங்களூர், மும்பை, ஹைதராபாத் ரூட்டில் அவர்கள் சொன்ன நாளில் சேர்க்கிறார்கள், இன்றைக்கும் என் சரக்கை அந்த ரூட்டுக்கு அவர்களிடம்தான் கொடுக்கிறேன். பிஓடி, அதாவது டெலிவரி ஆனதற்கான சான்று, கேட்டால் அன்றைக்கே கையெழுத்துப் போட்ட காப்பி போர்ட்டலில் இருக்கும், பணம் வாங்க அது இல்லாமல் முடியாது என்பது வியாபாரிகளுக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேல் இந்த வேலை ஊரையே படிக்கக் கற்றுக்கொடுக்கும். எந்த யூனிட்டில் ஆர்டர் இருக்கிறது, யார் கஷ்டத்தில் இருக்கிறார் என்பது பண்டல் எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும். எனக்கு இப்போதைய வேலை கிடைத்ததே அந்தப் பழக்கத்தில்தான்.

சேருவதாக இருந்தால் இன்டர்வியூவில் மூன்று விஷயம் கேளுங்கள். பேசிய ரேட் சிஸ்டத்தில் ஏற எத்தனை நாள் ஆகும், நஷ்ட ஈட்டு கிளைம் யார் கையில் இருக்கிறது, ஃப்ரான்சைஸ் பார்ட்டியும் நம் பார்ட்டியும் மோதினால் யாருக்கு. பதில் மழுப்பலாக வந்தால் வேறு கம்பெனி பாருங்கள். அப்புறம், தீபாவளிக்கு முன்னால் அவசரமாக ஆள் எடுப்பார்கள், அப்போது சேராதீர்கள். அந்த இரண்டு மாதச் சரக்கு எல்லார் வாசலிலும் தானாகக் கொட்டும், உங்கள் பெயரில் பெரிய தொகை ஏறும், அதையே அடிப்படையாக வைத்து ஜனவரியில் டார்கெட் போடுவார்கள். தீபாவளி முடிந்து வெளியூர்த் தொழிலாளர்கள் ஊருக்குப் போனால் யூனிட்டுகள் திரும்ப முழு மூச்சில் ஓட நாளாகும், டார்கெட் மட்டும் குறையாது. பொங்கல் கழித்துச் சேருங்கள், சின்ன டார்கெட்டில் ஆரம்பித்து, தீபாவளி வரும்போது உங்களுக்கென்று பத்து நிலையான பார்ட்டி இருப்பார்கள்.